சிங்கப்பூர் நேரத்தில் வந்த மாப்பிள்ளை

இன்று மாலை நாலு மணிக்கு என்னைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. ஒன்றரைக்கே யாரோ கதவைத் தட்டினார்கள்.

மீன்குழம்புக் கையோடும் பழைய நைட்டியோடும் போய்த் திறந்தேன். போட்டோவில் பார்த்த செபாஸ்டின் தனியாக நின்றார்.

“எங்க அப்பா அம்மா இன்னும் வரலையா? நாலு மணிக்குத்தானே வரச் சொன்னீக?”

“இப்ப ஒண்ணரைதாங்க ஆகுது. சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம்.”

அவர் நம்பவில்லை. பையிலிருந்து ஒரு போனை எடுத்தார். அதில் செருகியிருந்த சின்னக் குச்சியால் திரையைத் தொட்டதும் நாள்காட்டி வந்தது. ‘பள்ளத்தூர், பெண் பார்க்க, நாலு மணி’ என்று ஆங்கிலத்தில் குறித்திருந்தார். அதன் கடிகாரமும் நாலு மணியைத்தான் காட்டியது.

“நேத்துதானே சிங்கப்பூர்லேருந்து வந்தீக? நேரத்தை மாத்துனீகளா?” என்று கேட்டேன்.

“அய்யோ!” என்றார். இருவரும் சிரித்துவிட்டோம்.

உள்ளேயிருந்து அம்மா, “யாரு வந்திருக்காக?” என்றார்.

“மாப்பிள்ளைம்மா. இன்னொரு இலை போடுங்க.”

நாலு மணிக்கு அவர் வீட்டார் வந்தபோது, அவர் எங்கள் கூடத்தில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நான்தான் போய் எழுப்பினேன்.

சம்மதம் சொல்லிவிட்டேன். இதைப் படிக்கும் தோழிகளே, கல்யாணத் தேதி முடிவானதும் போனை நம்பாமல் காகிதத்தில் எழுதி வையுங்கள். யாரெல்லாம் வருவீர்கள் என்று மெயில் போடுங்கள்.