தொட்டிச் சுவரின் வழவழப்பு

என் வலது கையைப் பிடித்து, தொட்டிக்குள் நீர்மட்டத்துக்குக் கீழே சுவரில் வைத்து அழுத்தினார் அவர். கஞ்சி ஆறிய சட்டியில் படியும் ஏட்டைப்போல ஏதோ ஒன்று விரல்களுக்கடியில் வழுக்கியது. "இன்னா சார், தெரியுதா? தண்ணி கண்ணாடி மாதிரிதான் இருக்குது. ஆனா செவுரு உசுரோட இருக்குது" என்றார். நான் கையை உதறி, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டேன். எழுபதுகளின் கடைசி அது. பாகூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் குடிநீர்த் தொட்டி. அவர் அங்கே பம்ப் ஆபரேட்டர். நான் தாவரவியல் படித்துவிட்டு நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தவன். மாதம் ஒருமுறை தண்ணீரைச் சோதிக்கப் போவேன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

தரையோடு கட்டிய சிமென்ட் தொட்டி. மேலே மூடியிருந்த பலகை ஒரு மூலையில் உடைந்திருந்ததால் வெயில் நேராக உள்ளே விழும். வெயில் விழுந்த சுவரில் மட்டும் நீலமும் பச்சையும் கலந்த படலம் ஒன்று இருந்தது. ஆபரேட்டர் கடற்கரைக் குப்பத்தில் பிறந்து, பெண் எடுத்த ஊரில் தங்கிவிட்டவர். அமாவாசையன்று அவர்கள் குப்பத்தில் கடலுக்குப் போகாமல் படகுகளைக் கரையேற்றி அடிப்பக்கத்தைச் சுரண்டுவார்களாம். அந்தப் பழக்கத்தில் இவரும் அமாவாசைக்கு அமாவாசை தொட்டியைக் காலி செய்து, உள்ளே இறங்கி, செங்கல் துண்டால் சுவரைத் தேய்ப்பார். "படகுல மொதல்ல இந்த வழவழப்புதான் சார் வரும். அத வுட்டுட்டா, அப்பறம் கண்டதெல்லாம் அதும்மேல வந்து குடியேறிடும்" என்பார்.

அன்றைக்கு ஊருக்குத் தண்ணீர் இருக்காது. குழாயடியில் காலிக் குடங்களோடு நிற்கும் பெண்கள் அவரைச் சும்மா விடுவதில்லை. "இன்னாய்யா ஆபரேட்டரு, தொட்டிக்கு மட்டும் எண்ணெ தேச்சிக் குளிப்பாட்டு. நாங்க அழுக்கோட கெடக்கறோம்" என்று ஒருத்தி கேட்க, "வூட்டுக்காரிய இப்பிடித் தேச்சிவுட்டிருந்தா அவளாவது வெளுத்திருப்பா" என்று இன்னொருத்தி முடிப்பாள். அவர் மனைவியே குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். சிரிப்பு கொஞ்ச நாளில் புகாராகி, கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போனது. அங்கே என்னிடம் கருத்துக் கேட்டார்கள். தொட்டியை மாதாமாதம் காலி செய்ய வேண்டியதில்லை, பிளீச்சிங் பவுடர் சரியான அளவில் போட்டால் போதும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சோதனைக்கான பாட்டிலைச் சுவரில் படாமல் நடுத்தண்ணீரில் இறக்கி எடுக்க வேண்டும் என்பதுதான் எனக்குச் சொல்லித்தந்த முறை. அப்படி எடுத்த தண்ணீர் எல்லா மாதமும் சுத்தமாகவே இருந்தது. ஆபரேட்டர் என் தாளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "நீங்க சொன்னா சரிதான் சார்" என்று செங்கல் துண்டை ஓரமாகப் போட்டார். அதன் பிறகு அவர் தொட்டிக்குள் இறங்கவில்லை.

ஐப்பசி மழையில் தெருத்தண்ணீர் பெருகி, உடைந்த மூலை வழியாகத் தொட்டிக்குள் புகுந்தது. பவுடரை இரண்டு மடங்காகப் போட்டு, தண்ணீர் தெளிந்த பிறகுதான் ஆபரேட்டர் குழாயைத் திறந்தார். மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஊரில் வயிற்றுப்போக்கு பரவியது. ஆபரேட்டர் வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு பெண்ணும், தாய்ப்பால் மறக்காத அவள் குழந்தையும் ஒரே நாளில் இறந்தார்கள்.

இந்த முறை குழாய்த் தண்ணீரில் கிருமி இருந்தது. அவர் என் கையை அழுத்திய சுவர் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கண்ணாடிக் குச்சியால் அந்தப் படலத்தைச் சுரண்டி எடுத்துவந்தேன். நுண்ணோக்கியில் பார்த்தபோது, மணி கோத்ததுபோன்ற பச்சை இழைகள் நிறமற்ற பாகு ஒன்றில் புதைந்து கிடந்தன. வெயிலை வாங்கித் தாமே சர்க்கரை செய்துகொள்ளும் உயிர்கள் அவை. தம் தேவைக்கு மிஞ்சியதைப் பிசினாக வெளியே விடுகின்றன. பிசின் அவற்றைச் சுவரோடு ஒட்டுகிறது. வழியே போகிற மற்றக் கிருமிகளுக்கு அதுவே வீடு, பாதி நேரம் அதுவே சோறு. படலத்தின் ஒரு துண்டைப் பவுடர் கரைத்த நீரில் ஊறப்போட்டேன். மேல்நீரில் ஒரு கிருமியும் மிஞ்சவில்லை. அதே துண்டைக் கழுவி நசுக்கி, கிருமி வளர்க்கும் சாறு ஊற்றிய சோதனைக் குழாயில் இட்டபோது, மறுநாள் கிருமி உயிரோடிருப்பதைக் காட்டும் வாயு குமிழி குமிழியாக எழுந்தது. பவுடரின் வேகமெல்லாம் பிசினின் மேற்பரப்பிலேயே தீர்ந்துபோக, உள்ளே இருந்தவை பிழைத்துக் கிடந்தன. தொட்டியிலும் அப்படிப் பிழைத்தவைதான் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்கியிருக்கின்றன. பின்னாளில் இதற்குப் பெயர் வைத்துப் புத்தகம் புத்தகமாக எழுதினார்கள். அன்று எனக்குப் பெயர் தெரியாது. ஆனால் நடந்தது இன்னதென்று தெரியும்.

விசாரணை நடந்தபோது அந்தச் சோதனை முடிந்து நான்கு நாளாகியிருந்தது. பவுடரைப் போடாமல் கடையில் விற்றுவிட்டார் என்று ஆபரேட்டர்மேல் குற்றச்சாட்டு. "எம்புள்ள மேல சத்தியமா போட்டேங்க. சாருக்குத் தெரியும். சார், சொல்லுங்க சார்" என்று என்னைப் பார்த்தார். அதிகாரி என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: பவுடரை முறையாகப் போட்டிருந்தால் தண்ணீரில் கிருமி இருக்குமா?

"இருக்காது" என்றேன்.

பிசினைப் பற்றி வாய் திறந்தால், சுரண்டுவதை நிறுத்தியது யார் என்பதுதான் அடுத்த கேள்வி. என் கையெழுத்து கோப்பில் இருந்தது. எனக்குப் பதவி உயர்வு வரவிருந்த நேரம். இவ்வளவுதான் காரணம்; இதைவிடக் கௌரவமான ஒன்று இத்தனை வருடங்களில் எனக்குக் கிடைக்கவில்லை. நான் சொல்லித்தான் சுரண்டுவதை நிறுத்தியதாக அவராவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவருக்கு அது தோன்றவில்லையா, என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வேலை போயிற்று. எதிர்வீட்டுக்காரன் அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் காறித் துப்பினானாம். குடும்பத்தோடு குப்பத்துக்கே திரும்பிப் போய்விட்டார்.

ஆறேழு வருடம் கழித்துத் தவளக்குப்பம் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். மீன்கூடை கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர் என்னைக் கண்டு நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. வசவு விழும் என்று எதிர்பார்த்தேன்.

"நல்லா கிறீங்களா சார்? உங்கள ஒன்னு கேக்கணும்னு ரொம்ப நாளா. அந்த மாசம் அளக்கற டப்பா ஒடஞ்சிப்போச்சி. கையாலதான் அள்ளிப் போட்டேன். அதுல கொறஞ்சிடுச்சோ?"

"பழசையெல்லாம் ஏன்..." என்று இழுத்தேன்.

"இல்ல சார். ஒழுங்கா போட்டிருந்தா இருக்காதுன்னு நீங்களே சொன்னீங்க. படிச்சவரு, நீங்க இன்னாத்துக்குப் பொய் சொல்லப் போறீங்க? மொதல்ல உங்கமேலதான் கோவம். அப்பறம் யோசிச்சி யோசிச்சிப் பாத்தேன். எங்கையிதான் கொறச்சிருக்கும். அந்தப் புள்ளையையும் தாயையும் நாந்தான் சார் கொன்னுட்டேன்."

கடலூர் பேருந்து வந்துவிட்டது. கூட்டத்தில் ஏறினேன். கீழே வைத்திருந்த என் பையை அவர்தான் தூக்கி ஜன்னல் வழியாகக் கொடுத்தார். அப்போதும் நான் சொல்லவில்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் அவர் இறந்துபோனதாகக் கேள்விப்பட்டேன். அவர் கை எவ்வளவு அள்ளியிருந்தாலும் அந்தப் பிசினுக்குள் இருந்த கிருமி செத்திருக்காது என்பதை அறிந்திருந்த ஒரே ஆள் நான்.