வெள்ளிக்கிழமை வயிற்றெரிச்சல்

வெள்ளிக்கிழமை விடிந்தால் சீதாலெட்சுமிக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிடும். மருந்துக்கு அடங்குகிற எரிச்சல் இல்லை அது. அவளுடைய ஓரகத்தி மாதவி, அதாவது கணவர் திருச்செல்வத்தின் தம்பி குகனுடைய மனைவி, தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் 'இந்த வாரம் எனக்குப் பிடித்தவை' என்று போடுகிற நாள் வெள்ளி. ஒரு சமையல், ஒரு புத்தகம், வீட்டுக்கு ஏற்ற ஒரு பொருள். அவ்வளவுதான். அந்த அவ்வளவைப் பார்க்கத்தான் ஊரே கூடுகிறது.

மாதவி கிள்ளானில் புது வீடு கட்டிக்கொண்டு போனவள். சீதாலெட்சுமி செந்தூலில் பழைய அடுக்குமாடியிலேயே இருப்பவள். அரசாங்க கிளினிக்கில் பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்து, அந்த வட்டாரத்தில் யாருக்கு என்ன நோய் என்பதையெல்லாம் தெரிந்துகொண்டு, ஒரு வார்த்தை வெளியே விடாமல் ஓய்வு பெற்றவள். குடும்பத்தில் அவளைக் கேட்காமல் யாரும் ஒன்றும் செய்ததில்லை. பிரிக்பீல்ட்ஸ் புத்தகக் கடையில் என்ன புது நாவல் வந்திருக்கிறது, பாசாரில் எந்த மீன்காரர் ஏமாற்றமாட்டார், எந்தக் கடைத் திரைச்சீலை வெளுக்காது, எல்லாவற்றுக்கும் அவளுக்குத்தான் போன் வரும். இப்போது போன் வருவதில்லை. எல்லோரும் மாதவியின் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

பங்குனி முடிகிற சமயம். நீண்ட வெயிலுக்குப் பிறகு இரண்டு மழை பெய்ததும் சாலையோரத்துத் தெக்கோமா மரங்கள் இலையே தெரியாமல் ரோஸ் நிறத்தில் பூத்துவிட்டன. மாதவி அந்த மரத்தடியில் நின்று படம் எடுத்து, நம்ம ஊர் வசந்தம் என்று எழுதியிருந்தாள். வெயில், மழை என்று இரண்டே காலம் உள்ள ஊரில் இவளுக்கு மட்டும் வசந்தம் எங்கிருந்து வந்தது என்று சீதாலெட்சுமி வாய்விட்டே கேட்டாள். கேட்க ஆள் இல்லை. திருச்செல்வம் பால்கனியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

மரத்தைக்கூட அவள் மன்னித்திருப்பாள். அதற்கு அடுத்த படம்தான் மன்னிக்கமுடியாதது. வெண்கலக் கிண்ணத்தில் மாங்காய்ப் பச்சடி, மேலே நெய்யில் பொரித்த வேப்பம்பூ. 'எங்கள் வீட்டுப் பச்சடி' என்று தலைப்பு. எந்த வீட்டுப் பச்சடி? கல்யாணமாகி வந்த வருடம் வேப்பம்பூவைக் கரியாக்கி வைத்துக்கொண்டு முழித்தவளுக்கு, தீயைக் குறைத்து, நுரை அடங்கியதும் இறக்கச் சொல்லிக்கொடுத்தது யார்? கீழே நூற்றுக்கணக்கில் பாராட்டு. அம்பாங்கில் இருக்கும் ஒரு பெண் கண்ணீரே வந்துவிட்டது என்று எழுதியிருந்தாள். பச்சடிக்குக் கண்ணீராம்.

சீதாலெட்சுமி நீளமாக ஒன்று எழுதினாள். பிறகு அழித்தாள். கடைசியில் ஒரு சிவப்பு இதயத்தைப் போட்டாள். போடாவிட்டால் குடும்பம் முழுக்கப் பேச்சாகிவிடும். அந்த விரலை வெட்டிப் போடலாம் போல் இருந்தது அவளுக்கு.

இதெல்லாம் சில்லறை விஷயம். பெரிய விஷயம் வேறு. சித்திரை வருடப்பிறப்பன்று அவரவர் வீட்டில் சைவச் சமையல் சமைத்துக்கொள்வார்கள். அடுத்து வருகிற ஞாயிற்றுக்கிழமை மொத்தக் குடும்பமும் செந்தூலுக்கு வரும், சீதாலெட்சுமி கையால் நண்டுக் குழம்பு சாப்பிடும். மாமியார் காலமானதிலிருந்து இதுதான் வழக்கம். மூத்த மருமகள் என்று அவளுக்கு வருடத்தில் ஒரு நாள் வருகிற பட்டாபிஷேகம் அது. இந்த வருடம் மாதவி குடும்ப வாட்ஸ்அப் குழுவில், புது வீட்டில் இடம் நிறைய இருக்கிறதே, ஞாயிற்றுக்கிழமை விருந்தை இங்கே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டாள். கேட்ட அரைமணி நேரத்தில் எல்லோரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டார்கள்.

சீதாலெட்சுமி குழுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. நேராக நாகையாவுக்குப் போன் போட்டாள். அவர் திருச்செல்வத்தின் சித்தப்பா. கிள்ளானில் இருக்கிறார். குடும்பத்துக்குப் பெரியவர் என்று மிச்சமிருப்பவர் அவர் ஒருவர்தான். எப்போதும்போல் இங்கேதான், மாமா, என்று அவள் சொன்ன குரலைக் கேட்டு அவர் மறுபேச்சுப் பேசாமல் சரி என்றார். அன்று மாலை மாதவி, 'அக்கா வீட்டுக்கு வர யாருக்குத்தான் கசக்கும்' என்று எழுதினாள். அதற்கும் எல்லோரும் அவளைத்தான் கொஞ்சினார்கள். தோற்றவளுக்கு இத்தனை இதயமா? சீதாலெட்சுமி அந்தக் குழுவை மியூட் செய்து, கண்ணில் படாத இடத்துக்குத் தள்ளிவிட்டாள். அதோடு அந்தப் பக்கம் போகவே இல்லை. திருச்செல்வமும் குழுவில் இருக்கிறார்தான். ஆனால் வருவதைப் படித்து அவருக்குச் சொல்வதே இவள்தான்.

மாதவியின் பக்கத்தை மட்டும் விடமுடியவில்லை. பார்த்தாலும் எரியும், பார்க்காவிட்டாலும் எரியும். விருந்துக்கு முந்தைய வெள்ளியும் பார்த்தாள். வாழைப்பூ வடை, பரங்கிக்காய்ப் பால்கறி, லிட்டல் இந்தியாவில் வாங்கிய மண்சட்டி. படிக்க ஒரு கவிதைப் புத்தகம். 'இந்த வாரம் எங்கள் வீட்டில் முழுக்க முழுக்க சைவம், மனசே லேசாக இருக்கிறது' என்று முடித்திருந்தாள். கொழுப்பு, என்றாள் சீதாலெட்சுமி. நண்டைக் கண்டால் தட்டை விட்டு எழுந்திருக்காத குகனையும் இலை தின்ன வைத்துவிட்டாளா? எதற்கும் இருக்கட்டும் என்று வழக்கத்தைவிடக் கூடுதலாகவே நண்டுக்குச் சொல்லி வைத்தாள்.

ஞாயிறு காலை அவளே பாசாருக்குப் போய்க் கனமான நண்டாகப் பொறுக்கி வந்தாள். உடைத்து, கழுவி, மிளகு சோம்பு வறுத்து அரைத்து, குழம்பு கொதித்தபோது மாடிப்படி வரை வாசம் போனது. கூடவே நெத்திலிச் சம்பல், கோழிப் பிரட்டல். இந்த வாசத்தை எந்தப் போனில் படம் பிடிப்பாள் என்று நினைத்தபோது, பல வாரங்களுக்குப் பிறகு அவளுக்கு மனம் நிறைந்து சிரிப்பு வந்தது.

அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தாள். நாகையா கும்பிட்டபடி உள்ளே வந்தார். கும்பிட்ட கையின் மணிக்கட்டில் புது மஞ்சள் கயிறு. பின்னால் குகன், அவன் கையிலும் கயிறு. அவனுக்குப் பின்னால் வந்த அத்தனை பேரும் நெற்றியில் திருநீறு, கையில் மஞ்சள்.

காப்பு.

அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை அந்தக் குடும்பத்தில் கவுச்சி கிடையாது. எப்போதும் சித்திரைக் கடைசியில் வருகிற திருவிழா. இந்த வருடம் ஏதோ வசதி பார்த்து முன்னால் கொண்டுவந்து, இந்த வெள்ளிக்கிழமையே காப்புக் கட்டியிருக்கிறார்கள். குழுவில் போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சைவமாக வைத்துக்கொள்ளலாமா அக்கா என்று மாதவி இரண்டு தடவை கேட்டும் இருக்கிறாள். பதில் வராததால், சீதாவுக்குத் தெரியாததா என்று நாகையாவே எல்லோரையும் சமாதானப்படுத்தியிருக்கிறார்.

வாசலில் நின்றவர்கள் அடுப்படிப் பக்கம் பார்த்தார்கள். நண்டு வாசம்தான் பேசிக்கொண்டிருந்தது. நாகையா, பரவாயில்லம்மா, தண்ணி குடிச்சிட்டுப் போறோம் என்றார். அவர் திட்டியிருந்தால் சீதாலெட்சுமி தாங்கியிருப்பாள். வெளியாளிடம் பேசுவதுபோல் சொன்ன அந்தப் பரவாயில்லையைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை. வருடப்பிறப்பு விருந்துக்கு வந்தவர்கள் பச்சைத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனால், அப்புறம் எந்த வருடம் இந்த வீட்டுப் படி ஏறுவார்கள்?

கடைசியாக உள்ளே வந்தவள் மாதவி. நிலைமையைப் பார்த்தாள். கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு நேராக அடுப்படிக்கு வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“அக்கா, வெள்ளிக்கிழம சட்டியெல்லாம் மேல் கப்போர்ட்லதான?”

சைவத்துக்கென்று தனியாக வைத்திருக்கும் பாத்திரங்கள் அங்கேதான் இருந்தன. சீதாலெட்சுமி எடுக்கக் கையை உயர்த்தினாள், பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். காலையிலிருந்து நண்டு உடைத்த கை. காப்புக் கட்டியவர்களுக்குச் சமைக்கிற சட்டியைத் தலைமுழுகாமல் தொடக்கூடாது என்பது அவளுக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

“நீ எடு. நான் குளிச்சிட்டு வரேன்” என்றாள்.

நண்டும் கோழியும் சம்பலும் சட்டியோடு எதிர்வீட்டு லிம் ஆன்டிக்குப் போயின. திருச்செல்வம் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த அம்மா இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டாராம். குகன் அடுப்பைத் துடைத்து மஞ்சள் தண்ணீர் தெளித்தான். சீதாலெட்சுமி குளியலறைக்குள் போய்த் தாழிட்டாள்.

தலையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தபோது வெளியே கடுகு வெடித்தது. அவள் அடுப்பு, அவள் எண்ணெய், அவள் கடுகு. வெடிக்க வைத்தவள் மட்டும் வேறு ஆள். அந்தச் சத்தம் அவள் நெஞ்சுக்குள்ளேயே கேட்டது. பெருங்காயம் ஜன்னல் பக்கத்துத் தட்டில் என்று கதவுக்கு உள்ளிருந்தே குரல் கொடுத்தாள்.

“தெரியும்க்கா” என்றாள் மாதவி.

தெரியுமாம். சீதாலெட்சுமி இன்னொரு வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். அழுதாளா என்று கேட்டால், தலையிலிருந்து தண்ணீர் வழியும்போது யாருக்குத் தெரியும்? ஆனால் அழுதாள்.

ஈரத்தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது பாதிச் சமையல் முடிந்திருந்தது. மாங்காய் போட்ட பருப்பு, தேங்காய்ச் சாதம், தக்காளி ரசம், உருளைக்கிழங்குப் பிரட்டல். வீட்டில் இருந்ததை வைத்தே செய்திருந்தாள். அப்பளம் பொரிக்கிற வேலைதான் சீதாலெட்சுமிக்கு மிச்சம். மாதவி போனை எடுத்துப் படம் பிடிப்பாள், அப்போது ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அப்பளத்தைத் திருப்பிக்கொண்டே காத்திருந்தாள். மாதவியின் போன் கைப்பையை விட்டு வெளியே வரவே இல்லை. கோபப்படக்கூட அவள் இடம் கொடுக்கவில்லை.

எல்லோரும் இலை போட்டு உட்கார்ந்தார்கள். மாதவி பரிமாறப் பரிமாற, அக்கா வச்ச புளி, அக்கா அரைச்ச பொடி என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அது பொய்யும் இல்லை. ஆனால் யாரும் நம்பவில்லை என்பது அவர்கள் ரசத்தை உறிஞ்சிய விதத்திலேயே தெரிந்தது. சீதாலெட்சுமி ஒரு பருக்கையும் இறங்காமல் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பருப்பில் உப்பு ஒரு கல் கூடவா குறைவா என்று விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. பாவி, அதையும் சரியாகப் போட்டிருந்தாள்.

நாகையா இரண்டாம் தடவை ரசம் வாங்கிக்கொண்டு, நல்ல மனதோடுதான் சொன்னார்.

“சீதா, நீ ஒண்ணும் மனசுல வச்சிக்காதம்மா. அடுத்த வருஷமும் இங்கயே வச்சிக்கலாம். மாதவி வந்து சமைச்சிரட்டும். நீ கொஞ்சம் ஒக்காருலா, எத்தன வருஷம்தான் நீயே செய்வ?”

எல்லோரும் தலையாட்டினார்கள். திருச்செல்வமும் ஆட்டினார். வீடு அவளுக்குக் கிடைத்துவிட்டது. அவள் போன் போட்டுக் கேட்டதும் அந்த வீட்டைத்தான். வீட்டைக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்பது அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் உறைக்கவில்லை.

சீதாலெட்சுமி தலையிலிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். முகத்தில் மூத்த மருமகளின் சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள்.

“எதுக்கு மாமா? அடுத்த வருஷம் மாதவி வீட்டுலயே வைங்க. எடம் பெருசு. நான் போயி அவ அடுப்புல சமைக்கிறேன்.”

இதைவிடப் பெருந்தன்மை உண்டா? நாகையா உருகிப்போனார். குகன், அண்ணின்னா அண்ணிதான் என்றான். ரசக் கரண்டியோடு நின்ற மாதவியும் சிரித்தாள். ஆனால் சிரிப்பு வருவதற்கு முன்னால் ஒரு கணம் அவள் முகம் சுருங்கியது. புது வீடு, புது அடுப்பு, அதில் இன்னொருத்தி கை. வேறு யாருக்கும் தெரியாத அந்தச் சுருக்கம் சீதாலெட்சுமிக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

“ரசம் ஊத்து மாதவி” என்று சொல்லிவிட்டு, சீதாலெட்சுமி சாப்பிட ஆரம்பித்தாள்.