தபுதாரனுக்கு ஒரு வாக்கியம்

அகராதிக்கு எடுத்துக்காட்டு வாக்கியம் எழுதுவது என் வேலை. சொன்னால் சிரிப்பார்கள், எனக்குக் கோபம் வரும். பொருள் எழுதப் பண்டிதர்கள் இருக்கிறார்கள். சொல்லை ஒரு மனிதனுக்குள் வைத்துக் காட்ட வேண்டியவன் நான். கற்பனை மட்டம் என்பதால் விழிதியூர் வீட்டில் கண்ணில் பட்டதையெல்லாம் எழுதிவிடுவேன். எங்கள் வரப்பு, காரைக்கால் பஸ், என் மனைவியின் முன்கோபம் எல்லாம் அகராதியில் ஏறியிருக்கின்றன. "இன்னிக்கு என்னைய எந்த வார்த்தைக்குப் பலி குடுத்தீங்க?" என்பாள், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்ததும்.

அன்று பள்ளி விடுமுறை. எனக்கு வந்த சொல் 'தபுதாரன்'. மனைவியை இழந்தவன் என்று பொருள். பழைய இலக்கணத்தில் உண்டு. பேச்சில் இல்லை, பத்திரிகையில் இல்லை. "வாசலில் மாமரம் நின்ற வீட்டில் தபுதாரன் தானே காபி போட்டுக் குடித்தான்" என்று எழுதி அகராதியின் பதிப்பாசிரியர் அம்மாவுக்கு அனுப்பினேன். மாமரம் எங்கள் வாசலில்தான் நிற்கிறது. அப்போது அது உறைக்கவே இல்லை.

சற்று நேரத்தில் கொல்லையில் பாத்திரம் உருளும் சத்தம். ஓடினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னங்க, கண்ணு இருட்டிக்கிட்டு வருது."

அவளுக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. டாக்டரிடம் போக வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுக் காரில் காரைக்காலுக்குக் கொண்டுபோனேன். கரு கருப்பைக்குப் போகாமல் குழாயிலேயே தங்கி வெடித்துவிட்டது, உள்ளே ரத்தம் கொட்டுகிறது, உடனே ஆபரேஷன் என்றார் டாக்டர். பிழைப்பாளா என்று கேட்டேன். "பாக்கலாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எங்கள் பக்கத்து வீடுகளில் அரிசி தீர்ந்துபோச்சு என்று சொல்ல மாட்டார்கள்; நிறைஞ்சுபோச்சு என்பார்கள். விளக்கை அணைப்பதில்லை, குளிரவைப்பார்கள். இதற்கு இலக்கணத்தில் மங்கலம் என்று பெயர். அந்தச் சொல்லுக்கும் நான்தான் வாக்கியம் எழுதியிருந்தேன். கெட்டதைச் சொன்னால் பலித்துவிடும் என்று ஒரு நாளும் நம்பியதில்லை. அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் முழுசாக நம்பினேன். போதாக்குறைக்கு, பாழும் மூளை பழக்கதோஷத்தில் தபுதாரனுக்கே இன்னொரு வாக்கியம் கட்டத் தொடங்கியது. அதில் ஆஸ்பத்திரி வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்தேன்.

பதிப்பாசிரியர் அம்மாவுக்கு போன் போட்டேன்.

"அந்த வாக்கியத்த எடுத்துடுங்கம்மா."

"ஏன் சார்? நல்லா இருக்கே. அவர் தானே காபி போட்டுக்கறது நிஜமா நடந்த மாதிரியே இருக்கு."

"எடுத்துடுங்கம்மா, தயவு பண்ணி."

"அந்தச் சொல்லுக்கு வேற வாக்கியமே இல்லையே சார்."

"அப்போ அந்தச் சொல்லே வேணாம்!" கத்திவிட்டேன். தாழ்வாரத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்க இருக்கீங்க?" என்றார்.

"ஆஸ்பத்திரில. என் வீட்டுக்காரி உள்ளே ஆபரேஷன்ல இருக்கா."

"எடுத்துட்டேன் சார்" என்றார் உடனே.

அதன் பிறகும் பயம் விடவில்லை. இனி யாரோ ஒருவர் அந்தச் சொல்லுக்கு எழுதுவார், அவர் வீட்டிலும் ஒருத்தி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். கடைசியில் நர்ஸ் வந்து, ரத்தம் நின்றுவிட்டது, கருதான் போய்விட்டது, அவங்க பிழைச்சுட்டாங்க என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அழுது முடித்ததும் பதிப்பாசிரியர் அம்மாவுக்கு மறுபடி போன் போட்டுச் சொன்னேன். "நல்லவேளை" என்று பெருமூச்சு விட்டார். அந்தச் சொல்லை இனி யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்று கெஞ்சினேன்.

"யாருக்கும் குடுக்கல சார், நானே எழுதிட்டேன். எங்க வீட்டுல அது பலிக்க வழியே இல்ல. எங்க வீட்டுக்காரர்தான் எனக்கு முன்னாடியே போயிட்டாரே."