கிள்ளான் திடலில் தூக்கிய கொடி

எண்பதுகளின் நடுவில் எங்கள் வட்டாரத்து ஞாயிறு லீக்கில் பத்து கிளப்புகள் காற்பந்து ஆடின. லீக்கை நடத்தத் தனியாக யாரும் கிடையாது. கிளப்புகளே தங்களுக்குள் ஒரு தலைவரையும் செயலாளரையும் தேர்ந்தெடுத்து அட்டவணை போடும், புகார்களை விசாரிக்கும். நடுவரை மட்டும் வெளியிலிருந்து அழைப்போம். கோட்டோரம் கொடி பிடிக்கும் இரண்டு லைன்ஸ்மேன்களை, அன்றைக்கு ஆட்டமில்லாத கிளப்புகள் அனுப்ப வேண்டும். நான் பிரிக்பீல்ட்ஸ் கிளப்பின் பிரதிநிதி. முட்டி போனபிறகு ஆடுவதை விட்டிருந்தேன். கூட்டங்களுக்குப் போவதும் கொடி பிடிப்பதும் என் வேலையாகிவிட்டன.

அந்த வருஷம் எங்கள் ஆட்டங்கள் எல்லாம் முடிந்து நாங்கள் முதலிடத்தில் இருந்தோம். கிள்ளான் கிளப்புக்கு மட்டும் ஓர் ஆட்டம் பாக்கி. ஜெயித்தால் கோப்பை அவர்களுக்கு, சமமானால்கூட எங்களுக்கு. அதைப் பார்க்கத்தான் பஸ் ஏறிப் போனேன். பார்ப்பதற்கு மட்டும்.

திடலில் ஒரு லைன்ஸ்மேன் வந்து சேரவில்லை. ஆட்டத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கலாம் என்றார் நடுவர். கிள்ளான் கேப்டன் நேரே என்னிடம் வந்தார். துறைமுகத்தில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். லீக் கூட்டங்களில் எங்கள் இருவருக்கும் வாக்குவாதம் வராமல் இருந்ததில்லை. முடிந்ததும் ஒன்றாக உட்கார்ந்து ஆளுக்கொரு தே தாரே, நுரை பொங்க ஆற்றிய டீ, குடித்துவிட்டுத்தான் கிளம்புவோம்.

“அண்ணே, நீங்க கொடி பிடிங்க. அடுத்த வாரம்னா என் ஆளுங்க மூணு பேருக்கு ஷிப்ட் லா” என்றார்.

எங்கள் கிளப்பின் கோப்பை சம்பந்தப்பட்ட ஆட்டம், நான் பிடிப்பது சரியில்லை என்றேன். அவர் சிரித்துவிட்டு, என்னைத் தனக்குத் தெரியாதா என்றார். எதிரணியான சுங்கை பூலோக்காரர்களும் தலையாட்டினார்கள். மறுத்திருக்க வேண்டும். அத்தனை பேர் முன்னால் நல்லவன் என்று பெயர் வாங்கியது எனக்குப் பிடித்திருந்தது. கொடியை வாங்கிக்கொண்டேன்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. கடைசி நிமிஷங்களில் கிள்ளான் விடாமல் நெருக்கியது. இன்னும் எவ்வளவு நேரம் என்று நடுவரின் மணிக்கட்டைப் பார்த்தேன். அந்த நொடியில்தான் நடுத்திடலிலிருந்து பந்து கிளம்பியது. நான் திரும்பியபோது கேப்டன் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டித் தனியாக ஓடிக்கொண்டிருந்தார். ஆஃப்சைடுக்குக் கணக்கு பந்து புறப்பட்ட நொடிதான்; அப்போது அவர் எங்கே நின்றார் என்று நான் பார்க்கவில்லை. ஆனால் என் கை மேலே போயிருந்தது. பந்து வலைக்குள் விழுந்தது. நடுவர் கொடியைப் பார்த்து விசில் ஊதினார். ஆஃப்சைட், கோல் இல்லை.

ஆட்டம் சமமாகவே முடிந்ததும் கூட்டம் திடலுக்குள் இறங்கியது. ஒருவன் என் சட்டைக் காலரைப் பிடித்துத் திருடன் என்றான். கேப்டன் ஓடிவந்து அவன் கையை விலக்கி, “அவரு தூக்குனா தூக்குனதுதான். விடு” என்றார். பெரிய சாலைவரை என்கூடவே நடந்து வந்து பஸ் ஏற்றிவிட்டார். அப்போதே சொல்லியிருக்கலாம்.

அவருடைய கிளப் புகார் எழுதிக் கொடுத்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு பள்ளி வகுப்பறையில் கூட்டம். லீக் தலைவர் கேட்க, ஆள் கடைசித் தடுப்பாட்டக்காரரைத் தாண்டி நின்றார் என்று நான் விளக்கினேன். கேப்டன் எழுந்தார்.

“நான் ஒண்ணுதான் கேக்குறேன். பந்து கால்ல இருந்து கெளம்புனப்ப நீங்க என்னப் பாத்தீங்களாண்ணே?”

எங்கள் கிளப் தலைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எங்கள் பையன்கள் வெளியே வராந்தாவில் நின்றார்கள்.

“பாத்தேன்” என்றேன்.

“அப்படின்னா சரி. புகார வாபஸ் வாங்கிக்கிறோம்” என்று அவர் உட்கார்ந்துவிட்டார். அவருடன் வந்தவர்களின் முகத்தை நான் பார்க்கவில்லை.

கோப்பை விருந்தில் என் கையில் கோப்பையைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். எடுத்ததும் அதைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டேன். சில வாரம் பொறுத்து மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். தன்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது, அவரிடம் போய்ச் சொல்லுங்கள் என்றாள்.

அதற்கு எனக்கு மூன்று மாதம் பிடித்தது. போனபோது கேப்டன் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றபடியே சொன்னேன்.

“தம்பி, நீ ஆஃப்சைட்ல இருந்தியா இல்லையான்னு எனக்குத் தெரியாது. நான் பாக்கல.”

அவர் குழாயை மூடினார். ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்தார்.

“எனக்கும் தெரியாதுண்ணே. நான் பந்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்” என்றார். பிறகு, “ஆனா கூட்டத்துல சொல்லியிருக்கலாம் லா. அவரு பொய் சொல்ல மாட்டாருன்னு பசங்ககிட்ட சொல்லித்தான் நான் வாபஸ் வாங்குனேன்” என்றார்.

அவர் மனைவி தேநீர் கொண்டுவந்தார். அதைக் குடிப்பதா வேண்டாமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

புது வருஷத்தின் முதல் லீக் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் தலைவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். போன வருஷத்துக் கதையை இப்போது எதற்கு என்றார் லீக் தலைவர். குறிப்பேட்டில் எழுத வேண்டாம் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டு அட்டவணைக்குப் போய்விட்டார். பெஞ்சுகளில் ஒன்பது கிளப்புகளின் ஆட்கள்தான் இருந்தார்கள். கிள்ளான் அந்த வருஷம் பெயர் பதியவில்லை. ஷா ஆலம் பக்கம் தொழிற்சாலைகளுக்குள் நடந்த வேறொரு லீக்கில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அடுத்த கூட்டத்திலிருந்து எங்கள் கிளப்பும் வேறு ஆளை அனுப்பியது.

சில வருஷம் கழித்து, தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனபோது கிள்ளானில் அவரைப் பார்த்தேன். மகளின் கையைப் பிடித்திருந்தார். என் முட்டியைப் பற்றி விசாரித்தார், நானும் அவர் வேலையைப் பற்றிக் கேட்டேன். நான் கூட்டத்தில் எழுந்து சொன்னது அவர் காதுக்குப் போனதா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. மகள் கையை இழுத்தாள், கடைத்தெருக் கூட்டத்துக்குள் போய்விட்டார்கள்.