நாலு மணிக்கு ஐந்து

பால்கனிக் கதவு கீச்சிட்டது. தையல் மிஷின் எண்ணெய் ஒரு சின்ன பாட்டில் வாங்கிவந்து அதன் மூக்கைக் கத்தரித்தேன். கீலுக்கு இரண்டு சொட்டு போவதற்குள் அந்த வாசனை என்னை ஹைதராபாத் பாலாநகர் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுபோய்விட்டது. கதவு இன்னும் கீச்சிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. இதை எழுதி முடித்துவிட்டுப் போய்ப் பார்க்க வேண்டும்.

குவார்ட்டர்ஸில் அந்த எண்ணெய் எங்கள் தையல் மிஷினுக்குப் போனதே இல்லை. எல்லாம் கடிகாரத்துக்கு. அப்பா அதைக் கோழி இறகால் தொட்டுத் தொட்டு வைப்பார். முட்டைகூட வாசலைத் தாண்டாத சைவ வீட்டில் கோழி இறகு எப்படி நுழைந்தது என்றால், பக்கத்து வீட்டு ஹமீத் அங்கிள் வழியாக. அவர் கோழி வளர்த்தார். இறகை நன்றாகக் கழுவி, காகிதத்தில் சுற்றி, பிரசாதம் மாதிரி நீட்டுவார். அம்மா அந்த நேரத்தில் வேறெங்காவது பார்ப்பாள்.

அப்பாவும் ஹமீத் அங்கிளும் ஒரே தொழிற்சாலை. பெயர் வேண்டாம், விமானத்துக்குப் பாகங்கள் செய்கிற, ஒரு ஆணி வெளியே போனாலும் கேட்டில் விசாரணை வைக்கிற இடம். அப்பா தரப் பரிசோதனையில் இருந்தார். முடி அளவு பிசகினாலும் உதிரி பாகத்தில் சிவப்புப் பெயின்ட் பூசித் திருப்பி அனுப்புவது அவர் வேலை. சிவப்புப் பூசப்பட்டதைத் திரும்பச் செய்வது ஹமீத் அங்கிளின் வேலை. இப்படி இரண்டு பேர் நண்பர்களாக இருந்ததை இன்றுவரை என்னால் விளக்க முடியவில்லை.

கடிகாரம் அம்மாவுடையது. பாளையங்கோட்டையில் அவள் அப்பா போனபின் வீட்டைப் பங்கு பிரித்தபோது, நகையோ பாத்திரமோ கேட்காமல் கூடத்துச் சுவர்க் கடிகாரத்தை மட்டும் கேட்டாள். மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், கொடுத்தார். கொடுக்கும்போதே, ஒழுங்காக வைத்துக்கொள்ளாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்றும் சொன்னார். மாமா எதைக் கொடுத்தாலும் அதில் ஒரு நூல் கட்டி மறுமுனையைக் கையில் வைத்திருப்பார். கடிகாரம் போர்வை சுற்றிக்கொண்டு அம்மாவின் மடியில் ரயிலேறி வந்தது. அம்மா வழியெல்லாம் ஜன்னல் பக்கமே உட்காரவில்லை, கடிகாரத்துக்குக் காற்று ஆகாதாம்.

மாட்டிய அன்று மாலையே அப்பா குற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டார். ஆறு மணிக்கு ஏழு அடித்தது. எட்டுக்கு ஒன்பது. மறுநாள் மத்தியானம் பன்னிரண்டுக்குப் பதின்மூன்று.

"அது அப்படித்தான் அடிக்கும்," என்றாள் அம்மா. "ஒண்ணு கழிச்சுக்கிடணும்."

உலகத்தில் எதையும் கழித்துக்கொள்ளாத மனிதரிடம் போய் இதைச் சொன்னாள். ஆனாலும் அப்பா சில வருஷம் பொறுத்தார். காலனியிலேயே போன் இருந்த ஒரே வீட்டுக்கு மாமா ட்ரங்க் கால் போட்டு, அடுத்த வாரம் வருகிறேன், கடிகாரத்தை எப்படி வைத்திருக்கிறீர்கள் பார்க்கலாம் என்றதும், அந்தப் பொறுமையைக் கைவிட ஒரு சாக்குக் கிடைத்துவிட்டது. மாமாவின் பையன் தூத்துக்குடியில் வீடு கட்டியிருந்தான். கூடத்துச் சுவர் காலியாக இருக்கிறது என்ற தகவலும் அதே போனில் வந்தது. அம்மா அன்று சாப்பிடவில்லை. தப்பாக அடிக்கிற கடிகாரத்தைப் பார்த்தால் மாமா அதையே சாக்காக வைத்துக் கொண்டுபோய்விடுவார் என்று அப்பா முடிவு கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியிலிருந்து இயந்திரத்தைக் கழற்றிச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார்கள். சுத்தியல் துள்ளி இரண்டாம் முறை படுகிறது என்பது அப்பாவின் கட்சி. சுத்தியலின் கம்பியை வளைத்தார், நிமிர்த்தினார், மறுபடி வளைத்தார். ஹமீத் அங்கிள் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "நக்கோ சாப், வேணாம். சுத்தியல் அது பாட்டுக்கு இருக்குது, கோளாறு உள்ளதான். அத எதுக்கு அடிக்கிறீங்க?"

சோதித்துப் பார்ப்பதற்குப் பெரிய முள்ளைக் கையால் சுற்ற வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் நிறுத்தி, அடித்து முடிக்கும்வரை காத்திருந்து, மறுபடி சுற்ற வேண்டும். அன்று காலை டிபனுக்கும் சாப்பாட்டுக்கும் இடையில் எங்கள் வீட்டில் பல நாட்கள் கழிந்தன. எதிர்வீட்டு அம்மாள் வந்து, ஏதாவது பூஜையா, சொல்லவே இல்லையே என்று தெலுங்கில் குறைப்பட்டுக்கொண்டாள்.

கடைசியில் ஹமீத் அங்கிளின் கட்சிதான் ஜெயித்தது. உள்ளே நத்தை ஓடு போலச் சுருண்ட தகடு ஒன்று இருக்கும். அதன் ஓரத்தில் பன்னிரண்டு படிகள். மணி ஆனதும் பல் வைத்த ஒரு கை கீழே இறங்கி, அதன் வால் அந்தப் படியில் போய் முட்டும். எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அத்தனை அடி. இதில் வால் கொஞ்சம் வளைந்திருந்தது. அதனால் கை எப்போதும் ஒரு பல் அதிகமாக இறங்கியது. வளைவு என்றால் கண்ணுக்குத் தெரிகிற வளைவுகூட இல்லை. அப்பா அதைப் பார்த்த பார்வையில், சிவப்புப் பெயின்ட் கையில் இல்லாத வருத்தம் தெரிந்தது.

குறடால் மெல்ல நிமிர்த்தினார். வால் முறிந்துவிட்டது.

கை எங்கும் முட்டாமல் அடிவரை விழ, கடிகாரம் மணி எதுவானாலும் அடித்துக்கொண்டே போனது. நாங்கள் எண்ணுவதை விட்டுவிட்டோம். அம்மா அடுக்களையிலிருந்து வந்து, கடிகாரச் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"எங்கண்ணன் வந்து இதத் தூக்கிட்டுப் போனாவன்னா, ஒங்களயும் சேத்து ரயிலேத்தி விட்ருவேன்," என்றாள்.

அப்பா அதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. கால அட்டவணையாகவே எடுத்துக்கொண்டார். மறுநாள் காலை உடைந்த கை ஹமீத் அங்கிளின் டிபன் டப்பாவில், பருப்புக்கும் ரொட்டிக்கும் நடுவே தொழிற்சாலைக்குள் போனது. மாமா வருவதற்கு முந்தின நாள், அதே டப்பாவில் புதுக் கை வெளியே வந்தது. கெட்டிப்படுத்திய எஃகு. அளவில் குற்றம் சொல்ல முடியாது. அப்பாவால்கூட முடியவில்லை, அன்று ஒருநாள்தான் அவர் ஹமீத் அங்கிளின் வேலையை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். மாட்டினார்கள். ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு. அம்மா சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். முகத்தில் மட்டும் ஏதோ குறைந்தது. நாங்கள் அதைக் களைப்பு என்று நினைத்தோம்.

மாமா வந்தார். குளித்தார், சாப்பிட்டார், தூங்கி எழுந்தார். நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கடிகாரத்துக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நாலு அடித்தது. அப்பா தொண்டையைச் செருமினார். மாமா ஒரு விரலைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தார். விரல் இறங்கவில்லை.

"அஞ்சாவது எங்க?"

அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"நாலு மணிக்கு அஞ்சுல்லா அடிக்கணும். நம்ம அப்பா இருக்கும்போதே அப்படித்தானே." மாமா எழுந்து கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார். "இது நம்ம கடியாரம் இல்லம்மா. உள்ள என்னத்தயோ மாத்திட்டாவ. இது வெறும் பொட்டி."

அப்பா நத்தைத் தகட்டைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். அம்மா கண்ணாலேயே அவரை நிறுத்தினாள்.

"அப்போ வெறும் பொட்டி இங்கனயே கெடக்கட்டும்ணே," என்றாள்.

மாமா ஒரு பெட்டி பேக்கரி பிஸ்கெட்டோடு செகந்திராபாதில் ரயிலேறினார். கடிகாரம் எங்களுடையதாகிவிட்டது, நூல் எதுவும் இல்லாமல். அப்பா ஸ்டேஷனிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் சீட்டியடித்துக்கொண்டே வந்தார். வீட்டுக்குள் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா சொன்னாள்:

"அந்த அஞ்சாவதத் திரும்ப வச்சிருங்க."

"தப்பத் திரும்ப வைக்கச் சொல்றியா?"

"தப்பில்ல. அது எங்க வீட்டுக் கணக்கு."

மற்றவர்கள் எழுதியதில் பிழை திருத்தியே ஒரு பத்திரிகை அலுவலகத்தில் வயது முழுக்கச் சம்பாதித்தவள் நான். அதனால் அப்பாவின் திகைப்பு எனக்குப் புரிகிறது. பிழையைத் திருத்தத்தான் ஆள் உண்டு. அதைப் பழையபடி செய்து தர ஆள் இல்லை. அடுத்தடுத்த ஞாயிறுகளில் இரண்டு பேரும் அதற்குத்தான் முயன்றார்கள். புது எஃகு வளைய மறுத்தது. கொஞ்சம் வளைந்தபோது இரண்டு அடி கூடுதலாக அடித்தது. இன்னும் தொட்டதும் ஒரு மணிக்கு அடிக்கவே இல்லை. பழைய கையைத் தேடி ஹமீத் அங்கிள் கழிவுத் தொட்டியைக் கிளறினார். அதை ஏற்கெனவே உருக்க அனுப்பியிருந்தார்கள். "சரியா செய்யுறது ஈசி சாப்," என்றார், முதல்முறையாகத் தோற்ற குரலில்.

பிறகு அப்பாவே ஒரு வழி கண்டார். வீட்டில் இருக்கும்போது கடிகாரம் அடித்து ஓய்ந்ததும், கரண்டியால் செம்பில் ஒரு தட்டுத் தட்டுவார். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். மறந்துவிட்டால் அடுக்களையிலிருந்து குரல் வரும்: "இன்னும் ஒண்ணு."

ஓய்வு பெற்றபின் அவர் ஒன்றையும் தவறவிடவில்லை. தெலுங்கு பேசும் என் மகள், தாத்தா வீட்டுக் கடிகாரம் கடைசி அடியை மட்டும் வேறு ஸ்வரத்தில் அடிக்கும் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தாள்.

இப்போது அது என் கூடத்தில் இருக்கிறது. மிகச் சரியாக அடிக்கிறது. தட்டவும் ஆளில்லை, கேட்கவும் ஆளில்லை. குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் கார் நிறுத்தம். அம்மாவின் அப்பா வீட்டுப் பிழை எந்த உலையில் உருகி எந்த விமானத்தில் போய்ச் சேர்ந்ததோ தெரியவில்லை. ஹைதராபாதிலிருந்து கிளம்பும் விமானம் ஒரு மணி நேரம் தாமதம் என்று அறிவிக்கும்போது, அந்த வரிசையில் நான் மட்டும் கோபப்படுவதில்லை.