சலவைக்கூடத்து அகேயோ கரண்ட் கிதார் வாங்கிய கதை

அகேயோவுக்குச் சீட்டு விழுந்த அன்று கிசுமு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பிழியும் இயந்திரம் நின்றுபோயிருந்தது. காலை ஏழு மணியிலிருந்து கட்டில் விரிப்புகளை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து நாங்களே முறுக்கிக்கொண்டிருந்தோம். நனைந்த விரிப்பு ஒன்று செத்த ஆட்டின் கனம் இருக்கும். மதியத்துக்குள் அகேயோவின் வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை கீழே இறங்கிவிட்டது.

சீட்டு எங்கள் பன்னிரண்டு பேருக்குள் நடப்பது. மாதம் ஆளுக்கு இரண்டாயிரம் ஷில்லிங். துண்டுக் காகிதத்தைப் பிரித்து அவள் பெயரைப் படித்தபோது அவள் சிரிக்கக்கூட இல்லை. சோப்புத்தூள் மூட்டைமேல் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"முதல்ல அடுப்படிக் கூரைத் தகரத்தை மாத்துங்க அக்கா. மழை வரப் போகுது," என்றேன்.

"கிதார் வாங்கப் போறேன்டி பெரெஸ். கரண்ட் கிதார். அதுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயரும்."

எல்லோரும் சிரித்தோம். மடிப்பு மேசையில் இருந்த டோர்கஸ் மட்டும் சிரிப்பை நிறுத்தவேயில்லை. "நாப்பத்தேழு வயசு! பேரன் எடுக்குற நேரத்துல கிதார் எடுக்கப் போறாளாம். இடுப்புக்கு மருந்து வாங்குடி முதல்ல!"

"இடுப்பு வலி எப்பவும் இருக்கும் டோர்கஸ். சீட்டு ஒரு தடவைதான் விழும்," என்று சொல்லிவிட்டு அகேயோ எழுந்து அடுத்த தொட்டிக்குப் போனாள்.

அவளுக்குக் கிதார் புதிதல்ல. ஒன்பது வருஷத்துக்கு முன் அவள் போகும் தேவாலயத்தில் வாசித்துக்கொண்டிருந்தவன் வேலை தேடி மொம்பாசாவுக்குப் போனான். அவனுடைய மரக்கிதார் ஆணியிலேயே தொங்கியது. அந்த வருஷம்தான் அகேயோவின் புருஷன் இறந்திருந்தான். வீட்டில் உட்காரப் பிடிக்காமல் சாயங்காலங்களில் தேவாலயத்துக்குப் போய் உட்காருவாள். ஒருநாள் கிதாரை எடுத்துத் துடைத்தாள். பிறகு போனில் எஃப்எம் பாட்டைப் போட்டுக் காதால் கேட்டே விரலை நகர்த்தக் கற்றுக்கொண்டாள். எங்கள் லுவோ இனத்துப் பாட்டில் குரல் ஒன்று சொன்னால் கிதார் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், சும்மா தட்டிக்கொண்டிருந்தால் போதாது. அது கைவர அவளுக்கு மூன்று வருஷம் ஆனது.

அதற்குப் பிறகு பாடுகிற இரண்டு பெண்களோடு சாவு வீடுகளுக்குப் போக ஆரம்பித்தாள். கிசுமுவைச் சுற்றி எந்தச் சனிக்கிழமையும் சாவு இல்லாமல் இருக்காது. ஆனால் பந்தலில் ஐந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும்போது மரக்கிதாரை யார் கேட்பது? மைக்கை அதன் முன்னால் வைத்தால் மைக் ஊளையிடும். போன டிசம்பரில் ஒரு பெரியவர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்: "அந்தக் கட்டையை எதுக்கும்மா சுமந்துகிட்டு வர்றே? கையைத் தட்டினாலே போதுமே." அதை என்னிடம் சொல்லும்போது அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு ஊருக்குள் பெரிய கடைக்குப் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு, கறுப்பு, நீலம் என்று வரிசையாகத் தொங்கின. கடைக்காரர் டை கட்டிய மனிதர்.

"பையனுக்கா? என்ன வயசு?" என்றார்.

"எனக்கு."

"ஓ." ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது விளக்கம் சொல்வேன் என்பதுபோல. "அப்போ புதுசா கத்துக்கிறவங்களுக்குன்னே ஒரு செட் வருது. கிதார், சின்ன ஆம்ப்ளிஃபயர், ஒயர், தோள்வார், எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில. இருபத்தி ரெண்டாயிரம்."

சிவப்புக் கிதார் பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. கூட வந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டி ஒரு முழு ரொட்டி அளவுதான். அவர் வாசித்துக் காட்டினார், சத்தமும் வந்தது. அகேயோ கிதாரை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"வாசிச்சுப் பாருங்கம்மா."

"கொஞ்ச நேரம் நின்னு பாக்குறேன்."

"நின்னா?"

"சாவு வீட்டுல ரெண்டு மணி நேரம் நிக்கணும் ஐயா. இங்க அரை மணி நின்னு பாக்குறேன். தோள் தாங்குதான்னு தெரியணும்ல."

கடைக்காரர் சிரித்தார். அவள் விளையாடவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பை விட்டுவிட்டு வேறு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போனார். அகேயோ கடை நடுவில் சிவப்புக் கிதாரோடு நின்றாள். வருகிறவர்கள் அவளைச் சுற்றிப் போனார்கள். ஒரு பெண் அவளைக் கடை ஆள் என்று நினைத்து பியானோ விலை கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வாசலுக்கு வெளியே போய் மந்தாசி என்கிற பொரித்த ரொட்டி ஒன்றும் டீயும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது அவள் முகம் வெளிறியிருந்தது. "பன்னிரண்டு நிமிஷம்," என்று சொல்லிக் கிதாரைக் கழற்றி மெதுவாக வைத்தாள். "அழகா இருக்கு. ஆனா கட்டில் விரிப்பு மாதிரியே இழுக்குது."

இன்னொன்றும் கேட்டாள்: "கரண்ட் இல்லாத இடத்துல இந்தப் பெட்டி வேலை செய்யுமா?"

"கரண்ட் இல்லாத இடத்துல எதுக்கும்மா கரண்ட் கிதார்?" என்றார் கடைக்காரர். நியாயமான கேள்விதான், சாவு வீடுகளில் பாதி கரண்ட் இல்லாத கிராமங்களில் என்பது தெரியாதவருக்கு. நாங்கள் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

கிபுயே சந்தையின் பின்பக்கம் நியாங்வெசோ என்கிற ரேடியோ ரிப்பேர்காரன் இருக்கிறான். முப்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடியின் ஒரு காது ஒடிந்து நூலால் கட்டியிருப்பான். அவனிடம் பழைய கிதார்கள் இரண்டு இருந்தன. ஒன்று தேக்குக் கட்டில் மாதிரி கனம். இன்னொன்று உள்ளே கூடாக இருந்ததால் லேசு. பெயின்ட் உரிந்து, ஓரத்தில் யாரோ சிகரெட் வைத்த கறுப்புத் தழும்பு.

"லேசானதைக் குடு," என்றாள் அகேயோ.

"அக்கா, இருங்க. எவ்வளவு வச்சிருக்கீங்க?"

அவள் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்தான். "எல்லாரும் செய்யிற தப்பைச் செய்யாதீங்க. கிதாருக்கு முழுக்கக் கொடுத்துட்டு, பெட்டிக்கு மிச்சத்தைக் கொடுக்கிறாங்க. அப்புறம் கொசு கத்துற மாதிரி இருக்குன்னு என்கிட்டயே வர்றாங்க. கிதாருக்கு எட்டாயிரம் போதும். பெட்டிக்குப் பதிமூணு வைங்க." மேசைக்கு அடியிலிருந்து துணி சுற்றிய ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரை இழுத்தான். தண்ணீர் நிரம்பிய குடம் போலக் கனத்தது. "உண்மையைச் சொல்லிடுறேன். இதுல கரண்ட் பக்கம் எரிஞ்சுபோச்சு. கார் பேட்டரியில மட்டும்தான் ஓடும். அதனாலதான் இந்த விலை."

அகேயோ என்னைப் பார்த்தாள். அன்றைக்கு முதல்தடவையாகச் சிரித்தாள்.

அப்புறம் விரலைக் காட்டினாள். ப்ளீச் தண்ணீரில் ஊறி ஊறி நுனிகளெல்லாம் வெடித்திருந்தன. கம்பி உயரமாக இருந்தால் அழுத்த முடியாது. நியாங்வெசோ சின்னத் திருகாணியைத் திருகிக் கம்பிகளைத் தாழ்த்தினான். "இதுக்குமேல இறக்கினா அடியில உரசி இரையும். கொஞ்சம் இரைச்சல் பரவாயில்லையா?" "பரவாயில்லை," என்றாள். மெலிந்த கம்பிகளாகவும் மாற்றிக் கொடுத்தான். ஒயரும் வாரும் பழைய கார் பேட்டரி ஒன்றும் சேர்த்துக் கையிலிருந்தது ஏறக்குறையத் தீர்ந்தது. "பேட்டரி ரெண்டு மணி நேரம் நிக்கும். அதுக்கு மேல நான் பொறுப்பில்ல," என்றான்.

பெட்டியை முடுக்கினான். அகேயோ ஒரு முக்காலியில் உட்கார்ந்து, ஒன்பது வருஷமாக வாசிக்கும் பாட்டையே வாசித்தாள். சந்தையில் நாலு கடை தள்ளித் தக்காளி விற்பவள் திரும்பிப் பார்த்தாள். பத்து வினாடிதான். அகேயோ கையை எடுத்துவிட்டாள்.

"என்ன அக்கா?"

"இத்தனை தப்பாடி வாசிச்சிருக்கேன்?"

எனக்கு அது நன்றாகத்தான் கேட்டது. ஆனால் அவளுக்கு ஒவ்வொரு விரல் வழுக்கலும், ஒவ்வொரு தாமதமும் பெட்டி வழியாகப் பெரிதாகிக் காதில் விழுந்திருக்கிறது. மரக்கிதார் அத்தனை வருஷமும் அதையெல்லாம் அவளிடமிருந்தே மறைத்துவைத்திருந்தது. திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட ஒருகணம் யோசித்தாள் என்று பிற்பாடு சொன்னாள். ஆனால் பெட்டியை மறுபடி தூக்கி மேசைக்கடியில் வைக்கிற தெம்பு அவளுக்கு இல்லை.

வீட்டில் மகன் ஒபுரா காத்திருந்தான். அவன் வேறொருவருடைய மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுத்து ஆள் ஏற்றி ஓட்டுகிறவன். சொந்த வண்டிக்கு முன்பணம் இந்தச் சீட்டில்தான் வரும் என்று நம்பியிருந்தான்.

"இது என்னம்மா?"

"பாத்தா தெரியலையா?"

"நான் வண்டின்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"நீ சொன்னே. நான் சரின்னு எப்போ சொன்னேன்?"

அவன் அன்று வைத்த களியையும் பொடிமீனையும் தொடாமல் வெளியே போய்விட்டான். ஒரு மாதத்துக்கு அவர்களுக்குள் சாப்பாடு, சாவி, தண்ணீர் என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

அகேயோவும் கிதாரைச் சத்தமாக வைக்கவில்லை. வேலை முடிந்து வந்து, பெட்டியில் மாட்டாமலேயே கட்டிலில் உட்கார்ந்து, தப்பான இடங்களைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். சில நாள் பாதியில் அப்படியே சாய்ந்து தூங்கிப்போவாள். காலையில் கம்பியின் கோடு கன்னத்தில் பதிந்திருக்கும். அதோடுதான் வேலைக்கு வருவாள்.

ஏப்ரலில் டோர்கஸ் இறந்துபோனாள். மலேரியா என்றுதான் படுத்தாள், ஆறு நாளில் முடிந்துவிட்டது. அதே ஆஸ்பத்திரியில், நாங்கள் துவைத்த விரிப்பில். செமே பக்கம் அவள் புருஷன் வீட்டுக்குச் சனிக்கிழமை நாங்கள் எல்லோரும் ஒரு மினிபஸ் பிடித்துப் போனோம். ஆம்ப்ளிஃபயரும் பேட்டரியும் பஸ்ஸில் ஏறவில்லை. வேறு வழியில்லாமல் ஒபுரா தான் ஓட்டும் வண்டியில் கட்டிக்கொண்டு பின்னால் வந்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தான்.

போதகர் நெடுநேரம் பேசினார். பிறகு டோர்கஸின் அண்ணன்மார், சித்தப்பாமார், ஆஸ்பத்திரி ஆட்கள். அதற்கிடையில் யாரோ பெட்டியின் விளக்கு எரிகிறதா என்று பார்க்க முடுக்கியவர்கள் அணைக்க மறந்திருக்கிறார்கள். அகேயோவின் முறை வந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. இரண்டு பாட்டு சரியாகப் போனது. அத்தனை கூட்டத்திலும் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. டோர்கஸின் புருஷன் காலையிலிருந்து உட்காராமல் வருகிறவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர், அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

மூன்றாவது பாட்டின் நடுவில் சத்தம் தேய்ந்து, கரகரத்து, நின்றுவிட்டது. பாடிக்கொண்டிருந்த பெண்கள் இரண்டு வரி இழுத்துவிட்டு நிறுத்தினார்கள். கூட்டம் திரும்பிப் பார்த்தது. அகேயோ அசையாமல் நின்றாள். பயமோ அவமானமோ அவள் முகத்தில் தெரியவில்லை. இதுவும் இப்படித்தானா என்கிற ஓர் அலுப்பு மட்டும் இருந்தது. வாரைத் தலை வழியாகக் கழற்றப் போனாள்.

"இரும்மா," என்று பின்னாலிருந்து ஒபுராவின் குரல் கேட்டது.

அவன் வண்டியின் பக்கமூடியைத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்த பேட்டரியை எடுத்துக்கொண்டு வந்தான்.

"டேய், வண்டி அடுத்தவனுதுடா!"

"தெரியும். மிதிச்சு ஸ்டார்ட் பண்ணிக்குவேன். லைட்தான் எரியாது. இருட்டுறதுக்குள்ள கிளம்பணும், அதனால நீட்டி முழக்காம வாசி." ஒயரை மாற்றி மாட்டினான். "கடைசி வரி மட்டும் வேணாம், முதல்லேருந்து வாசி. பாதியில விட்டா நல்லாயிருக்காது."

அவள் முதலிலிருந்து வாசித்தாள். தப்பு வந்ததா இல்லையா எனக்குத் தெரியாது. நான் அழுதுகொண்டிருந்தேன். பாட்டு முடிந்ததும் அவள் பேட்டரியைத் தானே கழற்றி மகன் கையில் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு கூப்பிடுகிறவர்கள் அதிகமானார்கள். அதில் பாதிக்கு அவள் போவதில்லை. போகிற இடங்களுக்கு ஒபுராதான் பெட்டி சுமக்கிறான். "அம்மாவா இருந்தாலும் பெட்ரோல் பெட்ரோல்தான்," என்று வாடகையைக் கறாராக வாங்கிக்கொள்கிறான். சொந்த வண்டி இன்னும் வாங்கவில்லை. தகரமும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. முன்பு வாரத்தில் தோள் வலித்தது ஐந்து நாளைக்கு, இப்போது ஆறு நாளைக்கு என்று அவளே சொல்லுவாள்.

போன மாதம் ஏரிக்கரையில் மீன் வறுத்துக் கொடுக்கிற கடை ஒன்றில் வாசிக்கும் ஆண்கள் குழு அவளைத் தேடி வீட்டுக்கே வந்தது. ஞாயிறுதோறும் வர முடியுமா என்று கேட்டார்கள். நானும் அங்கே இருந்தேன்.

"உக்காந்து வாசிக்கலாமா?" என்று கேட்டாள்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். "மேடையில உக்காந்தா நல்லாயிருக்காதே அக்கா. கொஞ்சம் ஆடணும்ல."

"அப்போ வேற ஆளைப் பாருங்க தம்பி."

அவர்கள் போனதும் கதவைச் சாத்தினாள். "நல்ல வாய்ப்பு அக்கா, விட்டுட்டீங்களே," என்றேன். காலணியைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்து, "ஞாயித்துக்கிழமை நான் தூங்கணும்டி," என்றாள். நான் டீயைப் போட்டுக்கொண்டு வருவதற்குள் தூங்கிவிட்டாள்.