பின்பாதியில் இருந்த பெயர்

கிபுயே சந்தையின் பெரிய வாசலில் நுழைந்ததும் இடது கைப் பக்கம் காய்ந்த ஓமேனா மீன் குவியல்கள். அவற்றை ஒட்டிய தகரக் கடை அகெயோவுடையது. உள்ளே ஒரு கணினி, இரண்டு ஸ்பீக்கர்கள், சுவரில் ஆணியடித்து மாட்டிய மெமரி கார்டுகள். கைபேசியில் பாட்டு ஏற்றிக் கொடுக்கும் கடைகள் எங்கள் கிசுமு நகரத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. ஆனால் யாருக்கும் தெரியாத பாட்டுக்காரனின் பாட்டு வேண்டுமென்றால் இந்தக் கடைக்குத்தான் வர வேண்டும்.

அவள் அலெகோவில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். மருமகளைப் பிறந்த ஊர் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். அதனால் சந்தையில் அவள் நியார் அலெகோ, அலெகோவின் மகள். அவளுடைய மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது புரட்டிப் போட்டுத் துடைத்துவிடப் போன தாதி நான். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் எங்கள் பழக்கம் நின்றுவிடவில்லை.

அவள் பாட்டு விற்கும் முறை ஏறக்குறைய வைத்தியம். ஒரு லாரி டிரைவர் வந்து, "இப்ப எல்லாரும் கேக்கிறதப் போடுக்கா" என்பான்.

"எல்லாரும் கேக்கிறத எல்லார்கிட்டயும் வாங்கிக்கலாம். உன் வீட்டுல யாரெல்லாம் இருக்கா?"

"பொண்டாட்டி. ஆனா கோவிச்சுட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா."

"நீ என்ன பண்ணின?"

"பாட்டு வாங்கத்தானே வந்தேன்!"

"அதுக்குத்தான் கேக்கிறேன்."

அவன் கேட்ட பாட்டுகளோடு கேட்காத ஒன்றையும் ஏற்றிவிடுவாள். "பிடிக்கலைன்னா அழிச்சிரு" என்பாள். பெரும்பாலும் அந்த ஒன்றுக்காகத்தான் ஆட்கள் திரும்பி வந்தார்கள்.

பாட்டுகளைத் தேடிச் சாவு வீடுகளுக்கும் மாதா கோயில் மகளிர் கூட்டங்களுக்கும் கள்ளுக் குடிசைகளுக்கும் போவாள். பையில் கையடக்க ஒலிப்பதிவுக் கருவி இருக்கும். பாடுகிறவன் முகத்தை அவள் பார்ப்பதே இல்லை. பின்கட்டில் பாத்திரம் கழுவும் பெண்களைப் பார்ப்பாள். அவர்கள் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தால் பதிவுப் பொத்தானை அமுக்குவாள். முன்வரிசையில் இருப்பவர்கள் எதற்கும் கைதட்டுவார்கள், அவர்களை நம்ப முடியாது என்பாள்.

ஒபோண்டோ எங்கள் நகரத்து எஃப்.எம். ஒன்றில் காலை நேரத்து அறிவிப்பாளன். நல்ல குரல். வாரம் ஒருமுறை கடைக்கு வந்து, "அக்கா, புதுசா என்ன சமைச்சு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுப் பாட்டு வாங்கிப் போவான். அவள் இனாமாகத்தான் கொடுத்தாள். ஒரே ஒரு நிபந்தனை: வானொலியில் போடும்போது, கிபுயே வாசல் அகெயோ கண்டுபிடித்துக் கொடுத்த பாட்டு என்று சொல்ல வேண்டும். பாடத் தெரிந்தும் கேட்பாரில்லாத ஆட்கள் அதைக் கேட்டால் அவளைத் தேடி வருவார்கள். அவள் தொழிலுக்கு அந்தப் பெயர்தான் முதல்.

"கண்டிப்பா சொல்றேன்க்கா" என்பான். ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

சொல்லாமல் விட்டதோடு நின்றிருந்தால் அவள் பொறுத்திருப்பாள். செமே ஊர்ப் பக்கத்தில் ஒகுத்தா என்ற முதியவர், வில்லால் இழைக்கும் ஒற்றைத் தந்தி வாத்தியமான ஒருடுவை வாசித்துப் பாடுவதை அவள் ஒரு சாவு வீட்டில் பதிவு செய்திருந்தாள். அந்தப் பாட்டைப் போட்ட காலையில் ஒபோண்டோ சொன்னதை நானும் கேட்டேன். "நேயர்களே, இந்தப் பெரியவரத் தேடி முழங்கால் சேத்துல நானே நடந்து போனேன்!"

அகெயோ கடையில் மாண்டாசிப் பணியாரத்தைத் தேநீரில் தோய்த்தபடி இருந்தாள். அது ஊறி உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. அவள் கவனிக்கவில்லை.

அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. மாதா கோயிலில் அவள் கண்டெடுத்த அக்கா தங்கை இருவர் சந்தைக்கு வந்திருந்தார்கள். புதுப் பாட்டு இருக்கிறதா என்று அகெயோ கேட்டாள். மூத்தவள், "இனிமே எல்லாம் ஒபோண்டோ அண்ணன்கிட்டதான் குடுக்கணும். எங்களக் கண்டுபிடிச்சது அவர்தான்னு ரேடியோலயே சொல்றாரே" என்றாள். பதிவு செய்த நாளில் அந்தப் பெண்ணின் தொண்டைக்கு இஞ்சி வெந்நீர் வைத்துக் கொடுத்ததே அகெயோதான்.

ஒபோண்டோ அடுத்து வந்தபோது அவள் நேராகக் கேட்டுவிட்டாள். கடை முன்னால் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவன் சிரித்தான்.

"அக்கா, காது கழுதைக்கும் இருக்கு. வாய் எனக்குத்தானே இருக்கு? உங்க பேர ரேடியோல சொன்னா நாளைக்கு இந்த மீன்காரம்மாவும் அவங்க பேரச் சொல்லுன்னு வந்து நிப்பாங்க."

மீன்காரம்மா என்று அவன் சொன்னது பக்கத்துக் கடை மின் ஆதோயோவை, அதாவது ஆதோயோவின் அம்மாவை. "ஏலே, என் பேரச் சொல்ல உன் வாயக் கழுவிட்டு வரணும்டா! என் மீன் நாறினாலும் அது என் மீன். உன்னோடது எல்லாம் திருட்டு நாத்தம்" என்று அவள் கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். ஒபோண்டோவும் சிரித்தான். அகெயோ அன்றைக்கும் ஒரு பாட்டை ஏற்றிக் கொடுத்தனுப்பினாள்.

"உனக்குச் சூடு சொரணையே இல்லியாடி?" என்று மின் ஆதோயோ கேட்டாள்.

"இருக்கு. அதான் சும்மா இருக்கேன்."

ஒகுத்தாவின் காலில் ஆறாத புண் இருந்தது. அகெயோ சொல்லித்தான் வாராவாரம் கட்டு மாற்ற நான் போய்க்கொண்டிருந்தேன். அவர் வீடு பாறைக் குன்றின் மேலே. வழியெல்லாம் கல். மழை பெய்தால் தண்ணீர் வழிந்தோடிவிடும், கால் வைக்கச் சேறு கிடைக்காது. ஒருநாள் அவளும் கருவியோடு கூட வந்தாள். நான் சீழைத் துடைத்துக்கொண்டிருக்க, அவர் ஒரு காலை நீட்டியபடி ஒருடுவைச் சுருதி சேர்த்தார்.

"பெரியப்பா, என்னப் பத்தி ஒரு பாட்டு வேணும்" என்றாள்.

"நீ கேக்கவே மாட்டேங்கிறியேன்னு பாத்தேன். போன பாட்டு இப்ப ரேடியோல வருதாமே. எவனோ சேத்துல நடந்து வந்தானாமே?"

"அவனுக்காகத்தான் இதுவும். முன்பாதியில புகழ் மட்டும் வையுங்க. பட்டப் பேரு ஒண்ணு குடுங்க. நான் யாரு, எந்த ஊரு, யாரு பெத்த பொண்ணுங்கறதெல்லாம் பின்பாதிக்குப் போகட்டும்."

அதில் புதிதாக எதுவும் இல்லை. எங்கள் பாட்டுகள் இரண்டு பாதியாகத்தான் வரும். முதலில் மெதுவாகப் புகழ்வார்கள், வேகம் பிடித்த பிறகு யாரைப் புகழ்ந்தோம் என்று வம்சத்தோடு சொல்வார்கள். பழைய இசைத்தட்டுகளிலும் அப்படித்தான், முன்பக்கம் ஒரு பாதி, திருப்பிப் போட்டால் மறு பாதி. ஒபோண்டோ பின்பாதியைக் கேட்டு வாங்கியதே கிடையாது. பாட்டு வேகம் பிடிப்பதற்கு முன்பே குறுக்கே பேச ஆரம்பித்துவிடுவான். அவனுக்கு எதற்குப் பின்பாதி?

பெரியவர் ஒருடுவைக் கீழே வைத்தார். "யாரக் கொல்லப் போற, நியார் அலெகோ?"

"யாரையும் இல்ல. பாதிப் பாட்டு குடுக்கப் போறேன், அவ்வளவுதான்."

"சிஸ்டர், நீங்களே பாருங்க, சிரிக்காமப் பேசுறா" என்றார் என்னிடம். காலை ஆட்டாதீர்கள் என்றேன்.

அன்று பிறந்த பட்டப் பெயர் முதல் காது. ஊர் தூங்கும்போது விழித்திருக்கும் காது, குஞ்சு முட்டை ஓட்டுக்குள் கத்தும்போதே கேட்கும் காது என்று முன்பாதி முழுக்கப் புகழ். யாருடைய காது என்று ஒரு சொல் இல்லை. பின்பாதி முழுக்க அதுதான். அவள் முன்பாதியை மட்டும் வெட்டி ஒபோண்டோவிடம் கொடுத்தாள். பின்பாதியை வேறொரு கார்டில் போட்டு, மாமியாரின் பழைய மாத்திரை டப்பாவில் வைத்தாள்.

"அவன் பின்பாதியக் கேட்டா?" என்று நான் கேட்டேன்.

"கேட்டா குடுத்துருவேன், சிஸ்டர். ஒருதடவையாவது முழுசாக் கேக்கத் தோணிச்சுன்னா அவனுக்குக் காது இருக்குன்னு அர்த்தம். விட்டுருவேன்."

அவன் கேட்கவில்லை. அந்தப் பாட்டைப் போட்ட வாரத்திலேயே, "முதல் காது பேசுகிறேன்!" என்று வணக்கம் சொல்ல ஆரம்பித்தான். நிகழ்ச்சிக்கு அந்தப் பெயர், சட்டையில் அந்தப் பெயர், காரின் பின்கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் அந்தப் பெயர். மோட்டார் சைக்கிள்காரர்கள் அவனைக் கண்டால், "முதல் காதே!" என்று கத்தினார்கள். பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொன்னார்கள்.

மின் ஆதோயோவுக்கு மீன் விற்கவே மனசில்லை. "உன் பேரக் காரெல்லாம் எழுதி வெச்சிருக்கான்டி!"

"நல்லா எழுதட்டும். பெயிண்டு அவன் காசு."

சில மாதங்கள் போனதும் அவனே குழிக்குள் இறங்கினான். பள்ளிக்கூடக் கூரைக்கு நிதி திரட்ட ஏரிக்கரை மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம் விழா. ஒகுத்தாவைக் கார் அனுப்பி வரவழைத்தார்கள். காலில் புதுக் கட்டு போட வேண்டியிருந்ததால் நானும் மேடை ஓரத்தில் இருந்தேன். ஒபோண்டோ மேடையேறி அவரைக் கட்டிப்பிடித்தான். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டது அதுதான் முதல்முறை. கூட்டத்துக்கு அது தெரியாது.

பெரியவர் முன்பாதியை வாசித்து முடிக்கும்போது ஒபோண்டோ கையை உயர்த்தி நிறுத்தி, ஒருடுவின் மேல் நோட்டுகளை வைத்தான். பாட்டை நிறுத்தி, வாத்தியத்தில் பணம் வைத்து, தன்னைத்தானே புகழ்ந்துகொள்ளும் பக்ருவோக் எங்கள் ஆட்களுக்கு உயிர். பணம் வைத்தவன் பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கிடக் கூடாது. அதற்குப் பாட்டுக்காரன் பதில் பாடி முடிக்கும்வரை பணம் வைத்தவனும் குறுக்கிடக் கூடாது. நடுவில் நிறுத்தினால் தன் பெயரைத் தானே காறித் துப்பியதாக அர்த்தம்.

"ஒகுத்தா, நிறுத்துங்க! நான்தான் முதல் காது! ஊரே தூங்கும்போது முழிச்சிருக்கிறவன்! சேறுன்னும் பாக்காம இந்த மனுஷனத் தேடிப் போனவன்! பெரியவரே, என் வம்சத்த இந்த ஜனங்களுக்குச் சொல்லுங்க!"

"முழுசாச் சொல்லட்டுமா?"

"முழுசா!"

பெரியவர் பணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு வில்லை எடுத்தார். பின்பாதி வேகமாக ஆரம்பித்தது. ஒபோண்டோ இரண்டு கையையும் தூக்கி ஆடினான்.

முதல் காது அலெகோ மண்ணின் மகள் என்று பாட்டு சொன்னது. ஒபோண்டோ ஆடிக்கொண்டிருந்தான். ஒடேரா பெற்ற பெண், ஓமேனா குவியலுக்குப் பக்கத்தில் கடை வைத்தவள் என்றது. அவன் கைகள் மட்டும் மேலேயே இருக்க, இடுப்பு நின்றது. பாறையேறி வந்தவள், என் காலுக்கு மருந்து கொண்டு வந்தவள், அவள் பெயர் அகெயோ, அகெயோ, அகெயோ.

பின்வரிசையில் மின் ஆதோயோ போட்ட குலவை ஏரியின் அக்கரைக்கே கேட்டிருக்கும். ஒபோண்டோ ஒலிபெருக்கிக்காரனைப் பார்த்துக் கையைக் கீழே இறக்கிக் காட்டினான். அந்த ஆள் அகெயோவிடம் பாட்டு வாங்குகிறவன். ஒலியை இன்னும் கூட்டினான்.

பாட்டு முடிந்ததும் அகெயோ மேடையேறினாள். ஒருடுவின் மேல் ஒரு நோட்டை வைத்தாள்.

"என்னப் பத்தி நான் சொல்ல ஒண்ணும் இல்ல. மாசக்கணக்கா தினமும் காலையில இவரே சொல்லிட்டாரு. பேரு ஊரெல்லாம் பரவிருச்சு, நன்றி." அவன் பக்கம் திரும்பினாள். "ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன், தம்பி. பெரியப்பா வீட்டச் சுத்திக் கல்லும் பாறையும்தான். முழங்கால் சேறு எந்தப் பக்கம் இருக்கு? எல்லாருக்கும் சொல்லுங்க, நாங்களும் போய்ப் பாக்கிறோம்."

செமேக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லோரும். அவன் மைக்கை வாயருகே கொண்டுபோனான். வாய் எனக்குத்தானே என்று சொன்னவன் அதை அப்படியே கீழே வைத்துவிட்டான். மேடைக்குக் கீழே அந்த அக்கா தங்கை நின்றிருந்தார்கள். மூத்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். அகெயோ அவளைப் பார்க்கவே செய்தாள், ஆனால் வா என்று கூப்பிடவில்லை.

மறுநாள் காலையிலிருந்து, யார் என்ன பாட்டு கேட்டாலும் அவர்கள் கார்டில் முதலாவதாகப் பின்பாதியை ஏற்றினாள். வானொலி நிலைய வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள்காரர்கள் அவன் கார் வரும்போதெல்லாம் அதைப் போட்டார்கள். சிவப்பு எழுத்தை அவன் சுரண்டி எடுத்தான். கண்ணாடியில் கீறல் நின்றுவிட்டது. நிலையத்தில் அவனுக்குக் காலை நிகழ்ச்சி போய், மதிய மரண அறிவித்தல் வாசிக்கும் வேலை வந்தது. பாட்டுக்காரர்கள் அகெயோ கடை முன்னால் வரிசையில் நிற்கிறார்கள். அந்தச் சகோதரிகளும் வந்து நின்றார்கள். அவர்களை வரிசையின் கடைசிக்குப் போகச் சொன்னாள். அவர்கள் முறை வந்தபோது பதிவு செய்துகொண்டாள், ஆனால் இஞ்சி வெந்நீர் வைக்கவில்லை.

ஒபோண்டோவும் வந்தான். நான் மின் ஆதோயோவிடம் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன்.

"நியார் அலெகோ, நடந்தது நடந்துபோச்சு. ஒரே ஒரு புதுப் பாட்டு குடுங்க. உங்க பேர முதல்ல சொல்லிட்டுத்தான் போடுவேன். அது இருந்தா காலை நிகழ்ச்சி திரும்பக் கிடைக்கும்."

அவள் மறுபேச்சில்லாமல் அவன் கார்டை வாங்கி, கணினியில் செருகி, ஏற்றிக் கொடுத்தாள். அவன் வாசலைத் தாண்டி நின்று கைபேசியில் போட்டுப் பார்த்தான். ஒருடு வேகமாகக் கிளம்பியது. அகெயோ, அகெயோ, அகெயோ.

திரும்பி வந்தான். "இது ஏற்கெனவே..."

"நீ ரேடியோல போடலியே. இந்தப் பாதியப் போடு. கடைசி வரைக்கும், குறுக்க பேசாம. போட்டுட்டு வா, அப்புறம் புதுப் பாட்டப் பத்திப் பேசலாம்."

"அத எப்படி நான்..."

"அப்ப செத்தவங்க பேரையே வாசி. அவங்க யாரும் தன் பேரக் கேட்டு வர மாட்டாங்க."

அவன் போய்விட்டான். மின் ஆதோயோ எனக்கு ஒரு கை மீன் கூடுதலாக அள்ளிப் போட்டாள்.

"ஒருநாள் போட்டுட்டான்னா மன்னிச்சிருவியா?" என்று அகெயோவிடம் கேட்டேன்.

"போட்டா பாட்டு குடுப்பேன், சிஸ்டர்" என்றாள். "முன்பாதி மட்டும்."